பெரா ஏரியைத் தேர்ந்தெடுத்த கதை

ஆண்டுதோறும் பள்ளி விடுமுறையில் எங்கள் குடும்பத்தார் கானுப் படகுகளுடன் காட்டு ஏரி ஒன்றுக்குச் சென்று இரண்டு இரவுகள் தங்கித் திரும்புவது வழக்கம். பல ஆண்டுகளாக அது பகாங் மாநிலத்துச் சினி ஏரியாகவே இருந்தது. இவ்வாண்டு புதியதோர் ஏரியைத் தேடினோம். “அடர்ந்த காட்டுக்குள் இருக்க வேண்டும், மனிதர் கை படாததாகவும் இருக்க வேண்டும்” என்று பிள்ளைகள் நிபந்தனை விதித்தார்கள். வரலாறு போதிப்பவனுக்கு இரண்டாம் நிபந்தனை சற்று உறுத்தியது. நிலப்படத்தை விரித்து வைத்து ஒவ்வோர் ஏரியின் பழங்கதையையும் தேடிப் படித்தேன். அதன் பயனே இக்கட்டுரை. பிள்ளைகளை விடுமுறைக்கு எங்கேனும் அழைத்துச் செல்லும் பெற்றோர்க்கும், உள்ளூர் வரலாறு போதிக்கும் ஆசிரியர்க்கும் இது பயன்படலாம்.

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. தமிழகத்தில் ஏரி என்றால் பெரும்பாலும் கரை கட்டித் தேக்கிய நீர்நிலையே. அது மனிதர் கையால் ஆனது. மலாய்மொழியின் ‘தாசிக்’ என்ற சொல்லோ அதன் மூதாதை மொழியில் கடலைக் குறித்தது. சினி ஏரியின் பகுதிகளை அங்குள்ளோர் இன்றும் ‘லாவுட்’, அதாவது கடல் என்றே அழைக்கின்றனர். (நம் ‘குளம்’ மலாயில் ‘கோலாம்’ ஆனதையும், ‘கப்பல்’ ‘கப்பால்’ ஆனதையும் மாணவர்களுக்கு இவ்விடத்தில் சொல்லலாம்.) ஆனால் தீபகற்ப மலேசியாவின் பெரிய ஏரிகளில் இயற்கையாக அமைந்தவை பெராவும் சினியும் மட்டுமே. மற்றவை நம் முன்னோர் சொன்ன பொருளில் ‘ஏரி’கள்தாம், அணை கட்டித் தேக்கியவை.

சினியை ஏன் விட்டோம்? தாமரைக்காகத்தான் அங்குச் சென்றோம், தாமரை அருகிவிட்டது. அந்த ஏரி ஒரு சிற்றாற்றின் வழியே பகாங் ஆற்றோடு இணைந்துள்ளது. மழைக்காலத்தில் ஆற்று நீர் ஏரிக்குள் ஏறும், கோடையில் ஏரி நீர் ஆற்றுக்கு இறங்கும். சுற்றுலாப் படகுகளுக்கு ஆண்டு முழுதும் நீர் வேண்டுமென்று 1995இல் அச்சிற்றாற்றின் குறுக்கே தடுப்பணை ஒன்று கட்டினர். நீர்மட்டம் உயர்ந்து நிலைத்தது. கரையோர மரங்கள் வேர் அழுகிப் பட்டுப்போயின. பின்னர்ச் சுற்றிலும் மரவெட்டு, செம்பனைத் தோட்டம், இரும்புத்தாதுச் சுரங்கம். 2009இல் யுனெஸ்கோ அதனை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. நாட்டில் அந்தத் தகுதி பெற்ற முதல் இடம் அதுவே. அறிவிப்பு வந்த பின்னரும் சுரங்கங்கள் தொடர்ந்தன. ஏரியைக் காக்கும் ‘ஸ்ரீ குமும்’ என்னும் நாகத்தின் கதையை ஜாக்குன் பூர்வகுடியினர் சொல்வர். எங்கள் பிள்ளைகள் அக்கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள்.

அடுத்துத் திரங்கானுவின் கென்யிர். 1985இல் நிறைவுற்ற அணையால் உண்டானது. ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர் பரப்பு. அதில் காணும் 340 தீவுகளும் மூழ்கிய குன்றுகளின் உச்சிகளே. பெரிய நீர்ப்பரப்பில் பிற்பகல் காற்று எழுந்தால் சிறு கானுவில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு துடுப்பு வலிப்பது அறிவுடைமை அன்று. ஆதலால் கென்யிரைப் பற்றி அதிகம் விவாதிக்கவில்லை.

பேராக்கின் தெமெங்கோர் ஏரிதான் வீட்டில் பெரிய வழக்கானது. தூண்டில் பிரியரான என் மைத்துனருக்குத் தோமான் மீன் பிடிக்க அதைவிடச் சிறந்த இடம் இல்லை. காடும் அங்கே மிகப் பழமையானது. ஏரியின் வடபகுதி 2007இல் அரச பெலும் மாநிலப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த அமைதி அண்மைக்காலத்தது. அவசரகாலத்தில், 1952 பிப்ரவரியில், பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் பெலும் பள்ளத்தாக்கில் வான்குடை கட்டிக் குதித்தனர். கம்யூனிஸ்டுகளுக்கு உணவு கிட்டாதிருக்க அங்கிருந்த கிராம மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1970களில் எழுந்த அணைக்கு மின்சாரம் ஒரு காரணம், எல்லை தாண்டிய கெரில்லாக்களின் வழியை அடைப்பது மற்றொன்று என்பர். நீர் ஏறியபோது ஜஹாய், தெமியார் மக்களின் ஊர்கள் அடியில் போயின. அவர்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டனர். 1982இல் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை ஏரியைக் கடந்து திறக்கப்பட்டது. 1989 டிசம்பரில் ஹாட்யாய் உடன்படிக்கை கையெழுத்தான பின்னரே போர் உண்மையில் ஓய்ந்தது.

இதனை இரவு உணவின்போது படித்துக் காட்டினேன். என் தகப்பனார் பிறந்த தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. லயமும் இல்லை, கோயிலடியும் இல்லை. அவர் உணவை நிறுத்திவிட்டு, “மூழ்கிப்போன ஊருக்கு மேலே துடுப்புப் போட எனக்கு மனம் வராதப்பா” என்றார். என் மகள் விடவில்லை. “அந்த மக்களே இப்போது அந்த ஏரியில்தானே படகோட்டிப் பிழைக்கிறார்கள், தாத்தா? நாம் போகாவிட்டால் அவர்களுக்கு என்ன பயன்?” என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் உண்டு. நான் இடையில் புகவில்லை. மைத்துனர் மட்டும், “மீனுக்கு அரசியல் தெரியாது” என்று முணுமுணுத்தார்.

இவ்வாறுதான் பெரா ஏரி முன்னுக்கு வந்தது. அதன் நீர் தே-ஓ நிறத்தில் இருக்கும். மட்கிய இலைகளின் சாயம் அது. தாழை இனத்தைச் சேர்ந்த ‘ரசாவ்’ புதர்கள் நீருக்குள்ளிருந்தே எழுந்து நிற்பதால், ஏரி என்பதைவிட நூற்றுக்கணக்கான சந்துகள் கொண்ட நீர்க்காடு என்பதே பொருந்தும். 1994இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ப் பதிவான முதல் மலேசியச் சதுப்புநிலம் இதுவே.

இதன் நீர் பெரா ஆற்றின் வழியே வடக்கே ஓடிப் பகாங் ஆற்றில் கலந்து தென்சீனக் கடலை அடைகிறது. நெகிரி செம்பிலானிலிருந்து வரும் செர்த்திங் ஆறும் அதே பெரா ஆற்றில்தான் சேர்கிறது. செர்த்திங்கிற்கு மிக அருகில், பகாவ் பக்கத்தில், ஜெம்போல் ஆறு எதிர்த்திசையில் ஓடி மூவார் ஆற்றில் சேர்ந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. இரு ஆறுகளுக்கும் இடையே சில நூறு மீட்டர் தாழ்ந்த மேடு மட்டுமே. அம்மேட்டின் மீது படகுகளைக் கையால் இழுத்துச் சென்றனர். ‘தாரிக்’ என்றால் இழு. அதனால் அவ்விடம் ‘பெனாரிக்கான்’ ஆயிற்று. தீபகற்பத்தைச் சுற்றாமலேயே ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குப் படகிற் செல்ல வழி இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

1511இல் போர்த்துகீசியரிடம் மலாக்காவை இழந்த சுல்தான் மாமூட் மூவார் ஆற்றின் வழியே பின்வாங்கி, பெனாரிக்கானைக் கடந்து பகாங் சென்றதாக ‘செஜாரா மெலாயு’ கூறுகிறது. மலாக்காவில் பிறந்த எரேடியா 1613இல் இவ்வழியைக் குறித்து, மலாக்காவிலிருந்து பகாங்கிற்கு ஆறு நாட் பயணம் என்று எழுதினார். 1827இல் சார்லஸ் கிரே என்ற ஆங்கிலேயர் இதே வழியில் சென்று நாட்குறிப்பு எழுதினார். திரும்பிய சிறிது காலத்திலேயே காட்டுக் காய்ச்சலில் மாண்டார். சாலையும் இரயிலும் வந்தபின் இழுப்பதற்கு ஆளில்லை.

ஆகவே பெராவும் மனிதர் கை படாத இடமன்று. செமலாய் மக்கள் அங்கே நெடுங்காலமாக வாழ்கின்றனர். அவர்கள் மொழி மலாயோடு சேராது; மொன், கெமர் மொழிகளுக்கு உறவானது. கெருயிங் மரத்தில் குழி வெட்டித் தீயிட்டு எண்ணெய் வடிப்பது அவர்கள் பழந்தொழில். அந்த எண்ணெய் படகின் ஓட்டையடைக்க உதவியது. அவசரகாலத்தில் அங்கேயும் ‘போர்ட் இஸ்கண்டார்’ என்றொரு காவற்கோட்டை எழுந்தது; இன்றைய போஸ் இஸ்கண்டார் ஊரின் பெயரில் அது எஞ்சியுள்ளது. சுற்றிலும் செம்பனை நெருங்கிவிட்டது. ஆனால் செமலாய் மக்கள் இன்னும் தங்கள் கரையிலேயே இருக்கின்றனர். எங்கள் வீட்டில் தீர்ப்பை முடிவு செய்தது இந்தச் செய்தியே. தகப்பனாரும் வருவதாகச் சொல்லிவிட்டார்.

போக விரும்புவோர்க்கு இரண்டு குறிப்புகள். மழையற்ற மாதங்களில் நீர் இறங்கிச் சந்துகள் அடைபடும், கானு தரைதட்டும். ரசாவ் புதர்களுக்கிடையே வழி தப்புவது எளிது, எனவே செமலாய் வழிகாட்டி ஒருவர் இல்லாமல் உள்ளே செல்ல வேண்டா.

நாங்கள் பகாவ் வழியே போகிறோம். எங்கள் கானு ஒன்று ஏறத்தாழ 30 கிலோ எடை. செர்த்திங் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, அதைச் சில நூறு மீட்டர் இழுத்துப் பார்க்க வேண்டுமென்று பிள்ளைகள் இப்போதே கயிறு தேடுகின்றனர்.