மரம் வளரும்வரை உழவன் எதை உண்பான்?

1998ஆம் ஆண்டில் சீனாவின் யாங்சி ஆறு பெருக்கெடுத்து 3,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மேற்பகுதியில் காடுகளை அழித்ததும் செங்குத்தான சரிவுகளை உழுததும் முக்கியக் காரணங்கள் என்று அரசு கருதியது. காடு வெட்டத் தடை விதித்தாயிற்று. ஆனால், சரிவில் சோளம் விதைத்தவன் பேராசையாலா விதைத்தான்? வயிற்றுக்காக அன்றோ!

எனவேதான் 1999இல் சிச்சுவான், சென்சி, கான்சு மாநிலங்களில் தொடங்கிய திட்டத்தில், சரிவு நிலத்தில் உழவை விட்டு மரம் நட்ட குடும்பங்களுக்கு அரசு தானியமே வழங்கியது. யாங்சி மேற்பகுதியில் ஹெக்டருக்கு ஆண்டுதோறும் 2,250 கிலோ. மஞ்சளாற்றுப் பகுதியில் 1,500 கிலோ. மரக்கன்றுச் செலவும் 300 யுவான் ரொக்கமும் தனி. (அரசுக் களஞ்சியங்களில் அப்போது தானியம் தேங்கிக் கிடந்ததும் ஒரு காரணம்.) மாணவர்களோடு கன்று நட்டுப் படமெடுத்துக்கொள்ளும் நாம் கவனிக்க வேண்டிய கணக்கு இது.

2004இல் தானியம் பணமாக மாறியது. பழமரங்களுக்கு 5 ஆண்டு, காட்டு மரங்களுக்கு 8 ஆண்டு உதவி. எட்டே ஆண்டில் காட்டு மரம் என்ன வருவாய் தந்துவிடும்? உழவர் மீண்டும் ஏரைப் பூட்டிவிடுவரோ என்ற அச்சம் எழுந்தது. 2007இல் அரசு உதவியை நீட்டித்தது; தொகைதான் பாதியாயிற்று.