குடிப்பெயரும் கொடைப்பெயரும்: பென்னிகுவிக் என்ற பெயரைத் திருச்சுழியிலிருந்து பார்த்தல்

ஒரே பெயரைப் பலர் தாங்கினால் அவர்களுக்குள் என்ன உறவு? பிரிட்டனில் குடும்பப் பெயர் தந்தைவழி இறங்குவது. பெயர் ஒன்றானால் எங்கோ ஒரு தலைமுறையில் குருதியோ ஊரோ ஒன்றாக இருந்திருக்கும் என்று அங்கே தேடுவார்கள். தமிழகத்திலோ தந்தை பெயர் பெரும்பாலும் முன்னெழுத்தாக நின்று, ஒரு தலைமுறையோடு விலகிக்கொள்கிறது. இப்படிப்பட்ட மண்ணில் ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர் ஒன்று வேரூன்றி, பிள்ளைகளுக்கும் பேருந்து நிலையத்துக்கும் பெயராகியிருக்கிறது. பென்னிகுவிக் என்ற அந்தப் பெயர் இங்கே தண்ணீரின் வழியே பரவியது. ஆகவே தண்ணீர் வந்து சேராத நிலத்தையும் சேர்த்தால்தான் அதன் வரலாறு முழுமையாகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

குடிவழி வந்த பெயர்

எடின்பரோவுக்குத் தெற்கே, காகித ஆலைகளால் பேர்பெற்ற பெனிகுயிக் என்ற ஊர் இருக்கிறது. ஊரின் பெயரே குடும்பப் பெயராயிற்று. எழுத்துக்கூட்டல் மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது. மருத்துவரும் கவிஞருமான அலெக்சாண்டர் பெனிகுயிக் (1652–1722) அப்பெயர் கொண்டவர். 1730இல் இறந்த இன்னொரு கவிஞருக்கும் அதே முழுப்பெயர். இருவர் எழுத்தையும் பிரித்தறிவது ஸ்காட்லாந்து இலக்கிய வரலாற்றில் தனி வேலையாகவே இருந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில், பறவைகள் பறக்கும் விதத்தை ஆராய்ந்த உயிரியலாளர் காலின் பென்னிகுவிக் அதே பெயரோடு அறிவியலில் நிற்கிறார்.

1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபின் சிலியன்வாலா போரில் பிரிகேடியர் ஜான் பென்னிகுவிக்கும் அவர் மகன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் மாண்டார்கள். அந்தத் தந்தையின் பெயரையே தாங்கிய இன்னொரு மகன் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தவர். முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டிய பொறியாளர் அவரே. இதுவரை பெயர் சென்ற வழி குடிவழி.

தண்ணீர்வழி வந்த பெயர்

1876–78 பஞ்சம் தென்மாவட்டங்களைச் சூறையாடிய பிறகு, மேற்கே ஓடும் பெரியாற்றை வைகைப் பக்கம் திருப்பும் பழைய எண்ணம் வலுப்பெற்றது. 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஆயிற்று. 1887இல் தொடங்கிய வேலை 1895இல் முடிந்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய அணை தேக்கிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. மதுரை, மேலூர் பக்கத்து வயல்கள்வரை போயிற்று.

பெயரும் அந்த வழியிலேயே போயிற்று. லோயர் கேம்ப்பில் 2013இல் பென்னிகுவிக்குக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். மதுரைப் பொதுப்பணித் துறை வளாகத்தில் சிலை. அவர் பிறந்தநாள் தைப் பொங்கலை ஒட்டி வருவதால் பள்ளத்தாக்கு ஊர்களில் அவருக்கே பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறார்கள். 2022இல் அவர் இறுதிக்காலத்தைக் கழித்த இங்கிலாந்தின் கேம்பர்லியில் தமிழக அரசு அவருக்குச் சிலை வைத்தது.

கேரளத்துடன் நடக்கும் அணை வழக்கின் சூட்டில் அரசும் அரசியலும் ஊதிப் பெருக்கிய பெயர் இது என்று ஒருவர் மறுக்கலாம். அந்த ஊக்கம் உண்மைதான். ஆனால் அதிகாரம் மட்டுமே பெயரை வேரூன்றச் செய்யுமென்றால், சாலைகளிலும் கட்டடங்களிலும் பொறிக்கப்பட்ட எத்தனையோ ஆளுநர்களின் பெயர்கள் தொட்டிலுக்கும் வந்திருக்க வேண்டும்; வரவில்லை. மடை திறந்து பாய்ந்த நீருக்கு விவசாயிகள் செய்த கைம்மாறு இப்பெயர். அவர் தம் சொத்தை விற்று அணையை முடித்தார் என்ற கதையையும் இப்படியே புரிந்துகொள்ள வேண்டும். அணை அரசுப் பணத்தில் எழுந்தது. சொத்து விற்பனைக்கு நம்பகமான ஆவணம் இல்லை. ஆயினும் குளம் தொட்டு வளம் பெருக்கியவரைக் கொடையாளியாகவே நினைவில் வைக்கும் மரபு, ஒரு சம்பளப் பொறியாளரையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டது. ஆவணமாக அக்கதை நிற்காது. மக்கள் மனத்தின் சான்றாக நிற்கும்.

தண்ணீர் சேராத நிலம்

திருச்சுழி குண்டாற்றங்கரை ஊர். சுந்தரர் பாடிய பாண்டிநாட்டுத் தலம். அருப்புக்கோட்டை தொடங்கி இங்குவரை கரிசலும் கண்மாயுமாக விரியும் நிலம் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. பருத்தியும் கம்பும் மானாவாரியாக விளைவது. பெரியாற்று ஆயக்கட்டில் இந்நிலம் சேரவில்லை.

ஆனால் பெரியாற்றைத் திருப்பும் எண்ணம் இந்நிலத்தை ஆண்ட இராமநாதபுரத்திலேயே எழுந்தது. முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789 அளவிலேயே அதை ஆராய்ந்தார். செலவு தாங்காதென்று கைவிட நேர்ந்தது. 1808இல் மலையை அளந்த கேப்டன் கால்டுவெல் திட்டம் நடவாது என்றார். இவர் வேறு; இடையன்குடியில் வாழ்ந்த தமிழறிஞர் இராபர்ட் கால்டுவெல் பிறந்ததோ 1814இல். குடும்பப் பெயரை மட்டும் எழுதிச் செல்லும் வழக்கம், தமிழக வரலாற்றில் இந்த இருவரையும் எளிதில் ஒருவராக்கிவிடும். ஒரே பெயர் சேர்த்துவிடுவதைப் போலவே, ஒரே பெயர் மறைத்தும் விடுகிறது. அணையின் முழுப் புகழும் ஒரு பெயரில் குவிந்தபோது பிரதானியின் பெயர் அடிக்குறிப்புக்குப் போனது. காட்டுக் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் மாண்ட கூலியாட்களுக்கு அந்த அடிக்குறிப்புகூட இல்லை.

பெயர் குருதியை விட்டு விலகிப் பரவும் என்பதற்குத் திருச்சுழியே இன்னொரு சான்று. 1879 டிசம்பர் 30 அன்று இங்கே பிறந்த வேங்கடராமனுக்கு ‘ரமண’ என்ற பெயரை 1907இல் திருவண்ணாமலையில் சூட்டியவர் காவியகண்ட கணபதி முனி. துறவிக்கு வாரிசில்லை. ஆனாலும் ரமணர் பெயரைப் பக்தியால் தாங்கியவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அங்கே பக்தி செய்ததைக் கம்பத்தில் நன்றி செய்தது. இரண்டிலும் பெயர் உரிமையாக இறங்கவில்லை; பெறுபவர் விரும்பி எடுத்துக்கொண்டது.

முடிவாக

குடிப்பெயரை ஆராய்பவர் வம்சாவளியைப் பார்த்தால் போதும். கொடைப்பெயரை ஆராய்பவர் பாசன வரைபடத்தை விரிக்க வேண்டும். ஆயக்கட்டின் எல்லைக்கு வெளியே நிற்கும் ஊர்களையும் கேட்க வேண்டும். பென்னிகுவிக்குக்குக் கிடைத்த மரியாதையில் ஓர் அணுவும் குறைய வேண்டியதில்லை. அது விவசாயிகள் மனமுவந்து தந்தது. அதே மரியாதை முத்திருளப்ப பிள்ளைக்கும் மலையில் மாண்டவர்களுக்கும் பாடநூலிலும் மணிமண்டபத்திலும் வந்து சேர வேண்டும். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021இல் அடிக்கல் நாட்டியாயிற்று. அந்த நீர் கரிசலை எட்டும் நாளில் மக்கள் யாரோ ஒருவர் பெயரை எடுத்துக்கொள்வார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் திட்டத்தை நினைத்தவர், வரைந்தவர், மண் சுமந்தவர் எல்லோரையும் இப்போதிருந்தே பதிவுசெய்து வைப்பது ஆய்வாளர் கடமை. மலைக்கு அப்பால் ஓடும் நீருக்கும் தம் ஊர் முன்னோர் கனவு கண்டார்கள் என்பதை அறியும் தகுதி திருச்சுழிப் பிள்ளைகளுக்கு உண்டு.