பெட்டி எண்ணிய கணக்கு

வன்தட்டில் ஒன்றுமே இல்லை என்று யாராவது கூறினால் உடனே நம்பிவிடலாகாது. அதற்குக் காரணம் ஒரு பழைய எண் கணக்கு.

1983 இல் ஐபிஎம் நிறுவனம் 10 மெகாபைட் வன்தட்டுடன் எக்ஸ்டி கணினியை வெளியிட்டது. வன்தட்டைப் பகுதிகளாகப் பிரித்துக்காட்டும் அட்டவணையும் அவ்வாண்டுக்குரியதே. பகுதியின் தொடக்கத்தையும் நீளத்தையும் குறிக்க அதில் தலா 32 பிட் இடமே உண்டு. 512 பைட் கொண்ட செக்டர்களாக எண்ணினால் ஏறத்தாழ 2.2 டெராபைட்டுடன் கணக்கு முடிந்துவிடும். 10 மெகாபைட்டைக் கண்டு வியந்த காலத்தில் அதுபற்றி யார் கவலைப்பட்டார்கள்?

2010 இல் 3 டெராபைட் வெளிப்புற வன்தட்டுகள் வந்தன. 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பியோ பழைய அட்டவணையை மட்டுமே அறியும். ஆகவே சில பெட்டிகளின் யூஎஸ்பி சுற்று, செக்டர் ஒன்றை 4096 பைட் எனக் கணினிக்குக் காட்டியது. எண்ணிக்கை எட்டிலொன்றாகக் குறைந்தது.

வினை பின்னரே தெரிந்தது. நான் வருடிச் சேமித்த பத்திரிகைப் படங்கள் இருந்த பெட்டியின் சுற்று எரிந்துபோயிற்று. தட்டைக் கழற்றி நேரடியாக இணைத்தபோது அது 512 என்றே எண்ணியது. பகுதியின் தொடக்கம் பிழையான இடத்தில் தேடப்பட்டது. கடைக்காரர் போர்மட் செய்யச் சொன்னார், நான் இணங்கவில்லை. லினக்ஸில் லோசெட்டப் கட்டளை மூலம், வாசிக்க மட்டுமான லூப் சாதனமொன்றை 4096 பைட் அளவுடன் அமைத்தேன். (இவ்வசதி 2017 இல்தான் சேர்ந்தது.) பகுதி தோன்றியது. யுத்தகாலப் படங்கள் உட்பட யாவும் அப்படியே இருந்தன. ஜிபிடி அட்டவணை கொண்ட புதிய தட்டொன்றுக்கு அவற்றைப் பிரதி செய்ய இரண்டு இரவுகள் பிடித்தன.