மிட்டாய் விற்றவர்களின் பேய்க்கதைகள்

டிவி டோக்கியோ அலைவரிசையில் 2013 ஜூலையில் தொடங்கிய ‘யாமிஷிபாய்’ என்னும் ஜப்பானிய அனிமே தொடரின் ஒவ்வொரு கதையும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குள் ஒரு குடும்பமோ, அலுவலக ஊழியரோ, பள்ளிச் சிறுவனோ இன்னதென்று விளங்காத ஒன்றிடம் சிக்கிக்கொள்ள, அது ஏன் வந்தது, சிக்கியவர் என்ன ஆனார் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லாமலே திரை இருண்டுவிடுகிறது. இதில் உருவங்கள் ஓடுவதும் பாய்வதும் அரிது. வெட்டி ஒட்டிய காகிதப் பொம்மைகளைப் போல அவை விறைத்து நிற்க, தலையோ கையோ மட்டும் சற்றே அசைகிறது. இத்தனை சிக்கனமாக வரையப்பட்ட ஒரு தொடர் பத்துப் பருவங்களையும் தாண்டி ஓடியதற்கான காரணத்தை அனிமேயின் வரலாற்றில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி, தெருவோரம் சைக்கிளை நிறுத்தி மிட்டாய் விற்றுப் பிழைத்தவர்களின் தொழில் வரலாற்றில் இருக்கிறது.

கூடியிருந்து பேய்க்கதை கேட்கும் வழக்கம் அந்தத் தொழிலுக்கும் முந்தியது. தொக்குகாவா மரபினர் ஆண்ட எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரையிலான காலத்தில், நூறு கதைக் கூட்டம் என்றோர் இரவுப் பொழுதுபோக்கு இருந்தது. நீலக் காகிதம் ஒட்டிய விளக்கில் நூறு திரிகளை ஏற்றிவைத்து, ஒரு கதை முடிந்ததும் ஒரு திரியை அணைத்துக்கொண்டே வந்தால், கடைசித் திரி அணையும்போது மெய்யாகவே ஏதோ ஒன்று வந்து நிற்கும் என்பது நம்பிக்கை. அசாய் ரியோய் 1666இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் இந்த விளையாட்டின் முறை சொல்லப்பட்டுள்ளது. பின்னர் 1776இல் தோரியாமா செக்கியென் என்னும் ஓவியர், நாட்டார் வழக்கில் உலவிய பூதங்களையும் மாய உயிர்களையும் பக்கத்துக்கு ஒன்றாக வரைந்து வெளியிட, வாய்மொழியில் ஊருக்கு ஊர் வேறுபட்ட உருவங்களுக்கு அச்சில் ஒரு முகம் நிலைத்தது.

காமிஷிபாய் எனப்படும் காகித நாடகம் இந்த இரண்டையும், அதாவது சொல்லும் வாயையும் வரைந்த முகத்தையும், ஒரே மரப்பெட்டிக்குள் வைத்தது. குச்சியில் ஒட்டிய காகித உருவங்களை ஆட்டிக் கதை சொல்லும் பழைய முறைக்கு மாற்றாக, வரிசையாக அடுக்கிய பட அட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் காட்டும் முறை 1930 வாக்கில் டோக்கியோவில் வேரூன்றியது. அது உலகப் பொருளாதார மந்தம் ஜப்பானையும் பிடித்திருந்த நேரம். வேலையிழந்தவர்களுக்கு முதலீடில்லாத தொழில் ஒன்று தேவைப்பட்டது. சைக்கிள், அதன் பின்னிருக்கையில் ஒரு சிறு மரமேடை, அதன் இழுப்பறைகளில் மிட்டாய், கையில் தட்டி ஒலியெழுப்ப இரண்டு மரக்கட்டைகள் ஆகியவை இருந்தால் போதும். 1933இல் டோக்கியோவில் மட்டும் ஏறத்தாழ 2,500 பேர் இதில் ஈடுபட்டிருந்ததாகக் கணக்கிடப்படுகிறது.

படங்கள் கதைசொல்லிக்குச் சொந்தமல்ல. அவற்றை எழுதவைத்து, வரையவைத்து, வாடகைக்கு விடும் முகவர்கள் தனியே இருந்தனர். ஒவ்வொரு தொகுப்பும் கையால் வரைந்த ஒரே படி என்பதால், மழைக்கும் கைபடுவதற்கும் தாங்கும்படி மேலே வார்னிஷ் பூசினர். ஒரு பேட்டையில் காட்டி முடித்த தொகுப்பு மறுநாள் வேறொருவர் கைக்கு மாறி வேறொரு பேட்டைக்குச் சென்றது. கதை கேட்கக் கட்டணம் கிடையாது. மாவுச்சத்திலிருந்து காய்ச்சிய பாகைக் குச்சியில் சுற்றித் தருவார்கள், தமிழ்நாட்டுத் திருவிழாச் சவ்வு மிட்டாயை நினைவூட்டும் பண்டம் அது. வாங்கிய பிள்ளைகளுக்கு முன்வரிசை, வாங்காதவர்களுக்குப் பின்னால் எங்காவது ஓர் இடம். நாளும் வருமானம் வேண்டுமென்றால் இன்று வந்த பிள்ளை நாளையும் வரவேண்டும். ஆகவே கதை அன்றன்றைக்கு மிக இக்கட்டான இடத்தில் அறுக்கப்பட்டது. கலைநயம் கருதிப் பிறந்த உத்தி அல்ல இது, வயிற்றுப்பாட்டுக்காகப் பிறந்தது. அட்டையை உருவுவதிலும் ஒரு கைத்திறன் இருந்தது: பாதி இழுத்து நிறுத்தினால் அடுத்த படத்தின் ஓர் ஓரம் மட்டும் தெரியும், ஒரு கை, ஒரு கூந்தல் நுனி, மீதியைக் காட்டுமுன் கதைசொல்லி குரலைத் தாழ்த்திக் காத்திருப்பார். படம் அசைவதில்லை, அசைவது அதன் விளிம்பு மட்டுமே என்பதால் பிள்ளைகளின் கண் முழுவதும் அந்த விளிம்பிலேயே நிலைத்திருந்தது.

இந்தத் தொழிலின் முதல் பெருவெற்றியே அச்சத்தின் பக்கம் சாய்ந்ததுதான். சுசுகி இச்சிரோ எழுத, நாகமட்சு தாக்கெயோ வரைந்த பொன் வௌவால் என்னும் நாயகன் நன்மையின் பக்கம் நிற்பவன், ஆனால் அவன் முகம் மண்டையோடு. நாயகனுக்கே மண்டையோட்டை மாட்டிவிட்டவர்களுக்குத் தங்கள் வாடிக்கையாளரின் மனம் நன்றாகத் தெரிந்திருந்தது என்றுதான் சொல்லவேண்டும். மிட்டாயின் சுத்தம் குறித்தும் படங்களின் விகாரம் குறித்தும் ஆசிரியர்களும் பெற்றோரும் முறையிட்டனர். 1933இல் இமாய் யோனே என்ற கிறித்தவப் பெண் அதே பெட்டியைக்கொண்டு விவிலியக் கதைகள் சொல்லத் தொடங்கினார். தெருவில் கூட்டம் குறைந்துவிடவில்லை.

மிட்டாய்க்கும் பேய்க்கும் உள்ள உறவு இதே பத்தாண்டில் இன்னும் விந்தையான வடிவம் எடுத்தது. இரவுதோறும் ஒரு செம்புக்காசுடன் கடைக்கு வந்து மிட்டாய் வாங்கிச் செல்லும் வெளிறிய பெண்ணைக் கடைக்காரர் ஒருநாள் பின்தொடர, அவள் ஒரு கல்லறையருகே மறைய, தோண்டிப் பார்த்தால் பிணமாகக் கிடக்கும் தாயின் அருகே குழந்தை ஒன்று உயிரோடு மிட்டாயைச் சுவைத்துக்கொண்டிருந்தது என்னும் நாட்டார் கதை ஜப்பானில் பரவலாக வழங்குவது. இத்தோ மசாமி என்னும் கதையாசிரியர் 1930களில் இதைத் தழுவி, கல்லறையில் பிறந்த கிதாரோ என்னும் சிறுவனைக் காகித நாடகத்துக்குக் கொண்டுவந்தார். பேய் மிட்டாய் வாங்கும் கதையை மிட்டாய் விற்பவர் சொல்ல, மிட்டாய் தின்றபடி பிள்ளைகள் கேட்டார்கள். கேட்பவரின் வாய்க்குள்ளேயே கதையின் பொருள் ஒன்று இருக்கும்போது அச்சம் தூரத்துச் சங்கதியாக இருக்க முடியாது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் காகித நாடகம் அரசின் பிரசாரத்துக்குப் பயன்பட்டது. போருக்குப் பின், வேலையின்மை மீண்டும் பெருக, தெருவில் மீண்டும் தழைத்தது. இந்த இரண்டாம் அலையில் வந்தவர் மிசுக்கி ஷிகெரு. 1922இல் பிறந்து சக்காய்மினாத்தோ என்னும் துறைமுக ஊரில் வளர்ந்த அவர், நியூ பிரிட்டன் தீவில் போரின்போது இடக்கையை இழந்து, வலக்கையால் பட அட்டைகள் வரைந்து பிழைத்தார். மிசுக்கி என்பது பிறப்பால் வந்த பெயர் அன்று. கோபே நகரில் அவர் வாழ்ந்த தெருவின் பெயரால் காகித நாடகத்தார் அவரை அழைக்க, அதுவே ஒட்டிக்கொண்டது. 1954இல் முகவர் ஒருவர் கேட்டுக்கொள்ள, பழைய கிதாரோவைப் புதிய கதைகளில் அவர் எழுப்பினார்.

அதற்குள் தொழிலுக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. 1953இல் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. 1959இல் பட்டத்து இளவரசரின் திருமணத்தைப் பார்ப்பதற்காகவே பெருவாரியான வீடுகள் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கின. மிசுக்கி, ஷிராத்தோ சன்பெய், கோஜிமா கோசெக்கி போன்ற ஓவியர்கள் வாடகை நூலகங்களுக்கான மங்கா, அதாவது படக்கதைப் புத்தகங்களுக்கும், பின்னர் வார இதழ்களுக்கும் மாறினர். 1968 ஜனவரியில் கிதாரோ கறுப்பு வெள்ளை அனிமேயாகத் தொலைக்காட்சிக்கு வந்தபோது, பிள்ளைகள் பார்க்கும் நேரத்தில் கல்லறை என்ற சொல் ஆகாது என்று தலைப்பிலிருந்து அது நீக்கப்பட்டு, பொருளற்ற ‘கெகெகெ’ என்னும் ஒலி வைக்கப்பட்டது. சொல்லோடு குணமும் மாறியது. மனிதர் படும் துன்பத்தை அலட்சியமாகப் பார்த்துக்கொண்டிருந்த கல்லறைச் சிறுவன், தீய பூதங்களை அடக்கி மனிதரைக் காக்கும் நண்பனானான். நல்ல தொடர்தான், ஆனால் பழைய மிட்டாய்க்காரர்கள் விற்ற சரக்கு அது அல்ல.

அந்தச் சரக்கு திரும்பிவர நாற்பது ஆண்டுகள் ஆயின. வந்ததும் நள்ளிரவு நேரத்தில். வயதுவந்தோருக்கென நடுநிசியையொட்டி அனிமே ஒளிபரப்பும் வழக்கம் 1990களில் பரவிய பின்னரே, 2008இல், கிதாரோவின் ஆதி வடிவம் கல்லறை என்ற பெயரோடு பதினொரு அத்தியாயங்களாக வெளிவந்தது. யாமிஷிபாய் தொடரும் நள்ளிரவுக்குப் பின்னரே ஒளிபரப்பானது என்றாலும், அதன் தொடக்கக் காட்சியில் முகமூடி அணிந்த கதைசொல்லி ஒருவர் மாலை ஐந்து மணிக்கு விளையாட்டுத் திடலில் பிள்ளைகளைக் கூவி அழைக்கிறார். ஜப்பானிய ஊர்கள் பலவற்றில் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் பொது ஒலிபெருக்கியில் இசை ஒலித்துப் பிள்ளைகளை வீடு திரும்பச் சொல்லும். பகலும் இரவும் கைமாறும் அந்தப் பொழுது மாய உயிர்களுக்கு உரியது என்பது பழைய நம்பிக்கை. போகவேண்டிய நேரத்தில் இருக்கச் சொல்லும் அந்த அழைப்பைக் கேட்பவர், உறக்கம் வராத பெரியவர்.

கதைகளின் களம் நகரத்து வாடகை வீடும் மருத்துவமனையும் ரயிலுமாக மாறியிருக்கிறது. முதல் கதையே, குடிவந்த அறையின் கூரையில் ஒட்டியிருக்கும் தாயத்துச் சீட்டைக் காணும் இளைஞனைப் பற்றியது. அசையாத முகங்கள் பாதி உருவிய அட்டையின் வேலையைச் செய்கின்றன. ஆனால் பழைய தொழிலிலிருந்து இந்தத் தொடர் எடுத்துக்கொண்டவற்றுள் முக்கியமானது, கதையை இக்கட்டில் அறுக்கும் வழக்கம். தெருவில் அந்த அறுப்பு ஒரு வாக்குறுதியாக இருந்தது: நாளை மிட்டாய் வாங்கினால் மீதி கிடைக்கும். யாமிஷிபாய் அறுப்பை வைத்துக்கொண்டு நாளையை நீக்கிவிட்டது. அடுத்த வாரம் வேறொரு குடும்பம், வேறொரு கதவு; சென்ற வாரம் சிக்கியவர் சிக்கியபடியே இருக்கிறார். விளக்கம் தரும் திகில் தொடர்களைவிட இது மனத்தில் தங்குவதற்கும், சில பருவங்களில் வெறும் அரைகுறைக் கதையாகத் தோன்றிச் சலிப்பூட்டுவதற்கும் காரணம் அந்த ஒன்றேதான்.