வேனில் துளை போடாமல் நிழல்கூரை கட்டுவது எப்படி?

பங்குனி உத்திரத்திற்கு மாரான் மரத்தாண்டவர் கோயிலுக்கும், பள்ளி விடுமுறையில் மோரிப், போர்ட்டிக்சன் கடற்கரைக்கும் குடும்பத்தோடு வேனில் போய், இரவு அங்கேயே தங்கிவரும் வழக்கம் நம்மிடையே புதிதல்ல. பின் இருக்கைகளை மடக்கி மெத்தை விரித்துவிட்டால் படுக்க இடம் கிடைத்துவிடும். சமைக்கவும், பெரியவர்கள் காற்றாட உட்காரவும்தான் நிழல் இருக்காது. கடை வரிசைக்கு அஞ்சடி இருப்பதுபோல் வேனுக்கும் ஒரு தாழ்வாரம் இருந்தால் அந்தக் குறை தீரும்.

வேன் கூரையில் திருகாணி போட்டு நிலையாகப் பொருத்தும் நிழல்கூரைகள் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால், நம்மவர்கள் பலருக்கு வேன்தான் பிழைப்பு. வாரம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளையோ தொழிற்சாலை ஊழியர்களையோ ஏற்றிச் செல்லும் வண்டியில் துளை போடுவது சாதாரண விஷயமல்ல. துளையின் ஓரத்தில் சாயம் பெயர்ந்து துரு பிடிக்கும். மழைநீர் உள்ளே கசியும். வாகனத்தின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி தேவை. வர்த்தக வாகனங்கள் குறித்த காலத்தில் சோதனைக்கும் போக வேண்டும். தவணை முடியாத வண்டி என்றால், அது இன்னும் முழுமையாக நம்முடையதும் அல்ல.

எனவே, தேவைப்படும்போது கட்டி, புறப்படும்போது தடம் தெரியாமல் கழற்றிவிடக்கூடிய முறைகளை இங்கே பார்ப்போம்.

முதலில் வேனைப் பாருங்கள்

நம் நாட்டு வேன்களில் நெகிழ்கதவு பெரும்பாலும் இடப்பக்கம் இருப்பதால் நிழல்கூரையும் அந்தப் பக்கமே அமையும். காற்று வலப்பக்கமிருந்து வீசும்படி வண்டியை நிறுத்தினால், வண்டியே காற்றுக்குத் தடுப்பாக நிற்கும். தரை சமமாக இருக்க வேண்டும். கை பிரேக்கை இழுத்துவிட்டு, சக்கரத்திற்குக் கட்டையும் வையுங்கள்.

அடுத்து, கூரையின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். நிசான் வனெட், டொயோட்டா ஹையேஸ் போன்ற வேன்களில் மழைநீர் வடிவதற்கு உலோக விளிம்பு ஒன்று நீளமாக ஓடும். புரோட்டோன் எக்ஸோரா, பெரோடுவா அல்ஸா போன்ற குடும்ப வண்டிகளில் அது இருக்காது. எந்த முறை உங்களுக்குப் பொருந்தும் என்பது இதைப் பொறுத்தது.

கூரைக்கு மேல் கயிறு: எல்லா வண்டிக்கும் பொருந்தும்

செலவு குறைந்ததும் நம்பகமானதும் இந்த முறைதான். 3 மீட்டருக்கு 4 மீட்டர் அளவுள்ள ஃபிளைஷீட் அல்லது கன்வாஸ், கயிறு, இரண்டு கம்பங்கள், தரையில் அடிக்கும் முளைகள் இருந்தால் போதும்.

துணியின் ஒரு விளிம்பு வண்டியின் கூரைமேல் பாதி தூரமாவது படியும்படி விரியுங்கள். அந்த விளிம்பில் உள்ள வளையங்களில் கயிறு கட்டி, கூரையைத் தாண்டி வலப்பக்கம் இறக்குங்கள். அங்கே சக்கரத்தின் ரிம் துளைகளிலோ தரை முளைகளிலோ கட்டுங்கள். பின்னர் இடப்பக்கம் இரண்டு கம்பங்களை நிறுத்தி, அவற்றிலிருந்து கயிற்றைச் சாய்வாக இழுத்து முளையில் கட்டி இறுக்குங்கள். இரு பக்கமும் சமமாக இழுபட்டால் துணி விறைத்து நிற்கும். துணி கூரைமேல் ஏறிப் படிந்திருப்பதால் வண்டிக்கும் துணிக்கும் நடுவே மழைநீர் ஒழுகாது.

லாரிக்காரர்கள் சரக்கை இறுக்கப் போடும் முடிச்சு இதற்கு மிகவும் ஏற்றது. இறுக்கமாக நிற்கும், ஒரே இழுப்பில் அவிழும். கயிறு கூரை விளிம்பில் உராயும் இடங்களில் பழைய துண்டை மடித்து வைத்தால் சாயம் கீறாது. பக்கக் கண்ணாடி, வைப்பர், கதவுக் கைப்பிடி, பிளாஸ்டிக் பம்பர் ஆகியவற்றில் கயிறு கட்டவே கூடாது.

துணியில் வளையம் பிய்ந்துபோயிருந்தால், அந்த இடத்தில் ஒரு கூழாங்கல்லைத் துணிக்குள் வைத்துச் சுருட்டி, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டுங்கள். எளிதில் நழுவாது.

மழைநீர் விளிம்பு இருந்தால்

விளிம்பில் கடித்துப் பிடிக்கும் கவ்விகளை ஹார்ட்வேர் கடையில் வாங்கலாம். நான்கு கவ்விகளைச் சம இடைவெளியில் மாட்டி, அவற்றில் துணியைக் கட்டுங்கள். கவ்விக்கும் உலோகத்திற்கும் நடுவே ரப்பர் துண்டு வைப்பது அவசியம். கூரையில் ஏற்கெனவே சாமான் தாங்கி இருந்தால், அதன் குறுக்குக் கம்பியிலேயே துணியைக் கட்டிவிடலாம்.

கதவிடுக்கில் பிடிக்கும் முறை

ஒரு சாண் நீளக் குச்சியின் நடுவில் கயிற்றைக் கட்டுங்கள். குச்சி வண்டிக்குள் இருக்க, கயிறு மட்டும் கதவின் மேல் இடுக்கு வழியாக வெளியே வரும்படி கதவை மூடுங்கள். எவ்வளவு இழுத்தாலும் குச்சி உள்ளே தடுத்து நிற்கும். ஆனால், மழைநீர் கயிற்றின் வழியே உள்ளே இறங்கக்கூடும். கயிறு இடுக்கை அடைவதற்கு முன் சற்றுத் தாழ்ந்து தொங்கும்படி விட்டால், நீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும்.

காந்தமும் உறிஞ்சு கிண்ணமும்

இவை கட்டுவதற்கு எளிது. ஆனால், இவற்றை மட்டும் நம்பக்கூடாது. காந்தம் இரும்புத் தகட்டில்தான் ஒட்டும், அலுமினியத்திலும் கண்ணாடியிழைக் கூரையிலும் ஒட்டாது. நேராக இழுத்தால் தாங்கும் எடையில் ஒரு சிறு பங்கைத்தான் பக்கவாட்டில் சறுக்கும்போது தாங்கும். காந்தத்தின் அடியில் மணல் இருந்தால் சாயம் கீறும். உறிஞ்சு கிண்ணமோ வெயிலில் இளகி, தூசியில் பிடிவிட்டுக் கழன்றுவிடும். துணியின் ஓரம் படபடக்காமல் பிடித்துவைக்க மட்டும் இவற்றைப் பயன்படுத்துங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் வலுவான காந்தங்களைக் கையாளக் கூடாது.

காற்றும் மழையும்

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்று 6 சதுர மீட்டர் துணியில் முழுமையாக மோதினால், அது ஏறக்குறைய 45 கிலோ எடை இழுப்பதற்குச் சமம். 10 லிட்டர் தண்ணீர்த் தோம்பை முளைக்குப் பதிலாக வைத்தால் அது 10 கிலோதான். மெல்லிய காற்றுக்கு மட்டுமே அது உதவும். கடற்கரை மணலில் முளை நிற்காது. பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள்.

மழைநீரின் எடையும் கவனிக்க வேண்டியது. ஒரு சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்குத் தண்ணீர் தேங்கினால் அது 50 கிலோ. கீழே குழந்தை படுத்திருந்தால் என்ன ஆகும்? அதனால் வெளிப்புறக் கம்பங்கள் வண்டிக் கூரையைவிடக் குறைந்தது ஒரு முழம் தாழ்வாக இருக்க வேண்டும். ஒரு கம்பத்தை இன்னும் சற்றுத் தாழ்த்தினால் நீர் அந்த மூலையில் வடியும்.

மேற்குக் கரையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து பலத்த காற்று திடீரென்று வீசுவதுண்டு. படுக்கப் போகும்முன் வானிலை இலாகாவின் மைசுவாச்சா செயலியைப் பார்த்து, எச்சரிக்கை இருந்தால் துணியை இறக்கிவிடுங்கள். இடி இடித்தால் உலோகக் கம்பங்களின் அருகே நிற்காமல் எல்லாரும் வண்டிக்குள் ஏறிக் கதவை மூடிக்கொள்ளுங்கள்.

உயிருக்கு ஆபத்தானது புகை

மழைச் சாரலுக்காக நிழல்கூரையின் பக்கங்களையும் துணியால் அடைப்பவர்கள் உண்டு. அப்படி அடைத்தபின் உள்ளே கரி அடுப்பு மூட்டுவதும், குளிர்சாதனத்திற்காக இன்ஜினை ஓடவிட்டு உறங்குவதும் உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. உறங்குபவருக்குத் தெரியாமலேயே உயிரைப் பறித்துவிடும். அணைந்ததுபோல் தெரியும் கரியிலிருந்தும் அது வெளியேறும். ஜெனரேட்டரையும் வண்டிக்கு அருகில் வைக்காதீர்கள். கேஸ் அடுப்பைத் துணிக்கு வெளியே வைத்துச் சமையுங்கள். பாலியெஸ்டர் துணி நெருப்புப் பட்டால் உருகிச் சொட்டும்.

புறப்படும் முன்

சக்கரத்தில் கட்டிய கயிற்றை மறந்து வண்டியை எடுத்தால் பிரேக் குழாய் அறுந்துபோகலாம். கயிறு கட்டியவுடன் வண்டிச் சாவியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். எல்லாக் கயிற்றையும் அவிழ்த்து, வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்த பிறகுதான் அந்தத் துணியை அவிழ்க்க வேண்டும்.

ஈரத்தோடு மடித்த துணி இரண்டொரு நாளில் பூஞ்சை பிடிக்கும். வீடு திரும்பியதும் கொடியில் விரித்து நன்றாகக் காயவிட்டு மடித்து வையுங்கள். அடுத்த பயணத்திற்கும் உதவும்.