1.6 ஆ, 1.9 ஆ? ஒரு சின்னக் காரின் இரண்டு இலக்கங்கள்

பழைய கார்களில் பைத்தியமாக இருக்கிற ஆக்களிடம் நாற்பது வருசமாகத் தீராமல் கிடக்கிற ஒரு வழக்கு இருக்கு. பேஜோ 205 ஜி.ரி.ஐ. வாங்கிறதெண்டால் 1.6 ஐ வாங்கிறதா, 1.9 ஐ வாங்கிறதா? பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கார்தான். அதே மூன்று கதவு, அதே கறுப்பு பம்பருக்குள் ஓடுகிற சிவப்புக் கோடு. பின்பக்கக் கண்ணாடிக்கு அருகில் ஒட்டியிருக்கிற இலக்கத்தையும் சில்லையும் பார்த்துத்தான் பிரித்தறிய வேணும்.

காசுக்காரரின் பொழுதுபோக்குச் சண்டை எண்டு இதைத் தள்ளிவிடலாம். நானும் அப்பிடித்தான் வாசிக்கத் தொடங்கினேன். ஆனால் இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட விடை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1986 இல் ஒரு விடை, 1991 இல் வேறொரு விடை, இப்போது இன்னொன்று. அதைப் பின்தொடர்ந்து போனால் மேற்கு ஐரோப்பாவின் 80களும் 90களும், அங்கே யாருக்கு வேகம் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதும் கொஞ்சம் விளங்கும்.

முதலில் 'ஹொட் ஹட்ச்' என்ற சொல். கடைக்குப் போய்வர, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட என்று செய்த ஒரு சின்னக் குடும்பக் கார். பின்கதவு கூரையோடு சேர்ந்து மேலே திறக்கும். அதற்குள் அந்த உடம்புக்கு மிஞ்சின எஞ்சினைப் பொருத்தி விற்றால் அது ஹொட் ஹட்ச். 1975 செப்ரெம்பரில் பிராங்ஃபர்ட் கண்காட்சியில் வொக்ஸ்வாகன் கொம்பனி 110 குதிரைவலு கொண்ட கோல்ஃப் ஜி.ரி.ஐ. ஐக் காட்டியது. 5,000 விற்றால் போதும் என்ற கணக்கோடு தொடங்கிய கார், முதல் தலைமுறையிலேயே நாலரை இலட்சத்தைத் தாண்டியது. அடுத்த வருடம் ரெனோ 5 அல்பீன் வந்தது. (பிரித்தானியாவில் அதை 'கோர்டீனி' என்ற பெயரில்தான் விற்க முடிந்தது. அல்பீன் என்ற பெயரின் உரிமை அங்கே கிறைஸ்லரிடம் இருந்தது.)

காலத்தைக் கவனியுங்கள். 1973 இன் எண்ணெய் நெருக்கடி முடிந்து மூச்சு வாங்குகிற நேரம். பிரான்சில் 1974 இல் நெடுஞ்சாலைக்கு 130, சாதாரண வீதிக்கு 90 கிலோமீற்றர் என்று வேகக் கட்டுப்பாடு நிலைத்துவிட்டது. வேகத்துக்கு வேலி போட்ட அதே வருசங்களில்தான் வேகமான சின்னக் கார் பிறக்குது. இதில் முரண் ஒன்றும் இல்லை. பெரிய எஞ்சினும் பெரிய உடம்பும் பெற்றோலைக் குடிக்கும். பாரம் குறைந்த காரில் நடுத்தர எஞ்சினை வைத்தால் பாதிக் காசில் அதே சுகம். அதுவரை வேகம் எண்டால் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், அதை வாங்க வசதியான ஒரு ஆண். இப்போது ஒரு ஆசிரியரோ ஒரு தாதியோ கடன் எடுத்து வாங்கக்கூடிய விலைக்கு அது இறங்கி வந்தது.

பேஜோவுக்கு அந்த நேரம் உயிர்ப்பிரச்சினை. 1978 இல் கிறைஸ்லரின் ஐரோப்பிய நிறுவனங்களை வாங்கி, 'டல்போ' என்று பெயர் மாற்றி, அந்தச் சுமையோடு தள்ளாடிக்கொண்டிருந்த கொம்பனி அது. 1983 பெப்ரவரியில் வந்த 205 தான் அதைக் கரைசேர்த்தது. 1984 க்கான 'ஐரோப்பாவின் சிறந்த கார்' விருதை ஃபியட் ஊனோ தட்டிக்கொண்டு போனாலும், 1998 வரை ஐம்பது இலட்சத்துக்கு மேல் 205 கள் செய்யப்பட்டன. 1984 இல் ஜி.ரி.ஐ. வந்தது. 1580 சீசீ, 105 குதிரைவலு, நிறை 850 கிலோவளவில். அந்த வருடமே 205 ரேர்போ 16 என்ற ராலிக் காரும் களத்துக்கு வந்தது. முகம்தான் 205 மாதிரி. எஞ்சின் நடுவில், நாலு சில்லிலும் இழுவை, உள்ளே முற்றிலும் வேறொரு மிருகம். 1985 இலும் 1986 இலும் உலக ராலிப் பட்டம் பேஜோவுக்கே. ரிமோ சலோனனும் அடுத்த வருடம் யூஹா கங்குனனும் ஓட்டிகளுக்கான பட்டத்தை எடுத்தார்கள். அந்தப் புகழின் வெளிச்சம் ஷோரூமில் நின்ற ஜி.ரி.ஐ. இன் மேலும் விழுந்தது.

இனி 1986. அந்த வருடம் 1.6 இன் வலு 115 ஆக உயர்ந்தது. அதே வருடம் 130 குதிரைவலுவோடு 1.9 உம் வந்தது. வழக்கு தொடங்கியது இங்கேதான்.

இரண்டு எஞ்சினுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றுதான், 83 மில்லிமீற்றர். வித்தியாசம் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிற தூரத்தில். 1.6 இல் 73 மில்லிமீற்றர், 1.9 இல் 88. இந்தப் 15 மில்லிமீற்றருக்குள்தான் முழுச் சண்டையும் இருக்கு. குறைந்த தூரம் ஓடுகிற பிஸ்டன் கூடின சுழற்சிக்கு லேசாக ஏறும். அதனால் 1.6 எஞ்சின் துள்ளும், கத்தும், 'இன்னும் மிதி' என்று கேட்கும். ஆனால் இழுவை வேண்டுமென்றால் கியரை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேணும், கியர்களும் அதற்கேற்றபடி கிட்டக்கிட்ட அமைந்திருக்கும். 1.9 அப்படியில்லை. கீழ்ச் சுழற்சியிலேயே இழுக்கும். நாலாம் கியரில் விட்டுவிட்டு முந்திப் போகலாம், மணிக்கு 200 ஐயும் தாண்டும். பின்சில்லுக்கும் டிஸ்க் பிரேக் (1.6 இல் ட்ரம் தான்), 14 அங்குலத்துக்குப் பதிலாக 15 அங்குலச் சில்லு. கடதாசியில் பார்த்தால் 1.9 தான் வெற்றி, கதைக்க ஒண்டுமில்லை.

வீதியில் அவ்வளவு இலகு இல்லை. இந்தக் காரின் பாரத்தில் பெரும்பங்கு முன்னுக்கு. வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து காலைச் சட்டென்று அக்சிலேற்றரில் இருந்து எடுத்தால், பாரம் இன்னும் முன்னுக்குச் சாயும், பின்சில்லுகள் பிடியை இழக்கும், காரின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். தெரிந்த ஓட்டிக்கு அது விளையாட்டு, வளைவை இன்னும் இறுக்கமாக எடுக்க உதவுகிற கருவி. தெரியாதவருக்கு அது வேலியும் மதிலும். இரண்டு காருக்கும் இந்தக் குணம் உண்டு. என்றாலும் 1.9 இல் அது சடாரென்று வரும் என்பதுதான் பொதுவான பெயர். இழுவை கூடின எஞ்சின், காலை எடுத்தவுடன் பலமாகப் பிடித்து இழுக்கும். பயந்தவரைத் தண்டிக்கிற கார் என்று சொல்லலாம்.

இலங்கையில் காரைப் பற்றிக் கதைத்தால் இரண்டாவது கேள்வி 'சீசீ எவ்வளவு?' என்பதுதான். பெற்றோல் காருக்கு இறக்குமதி வரி சீசீயோடு ஏறுவதால் அது எங்களுக்குப் பொருளாதாரக் கேள்வி. பிரான்சிலும் இதற்கு ஒரு உறவுமுறை இருந்தது. முதியோருக்கு உதவும் நிதிக்காக என்று சொல்லி 1956 இல் தொடங்கின 'வின்யெற்' என்ற வருடாந்தக் கார் வரி, எஞ்சினுக்கு அரசு கணித்த வலுவை வைத்து அறவிடப்பட்டது. எஞ்சின் அளவு எங்கேயும் வெறும் எஞ்சின் அளவு இல்லை போல.

1986 க்கே திரும்புவோம், ஏனென்றால் அந்த வருடம் இன்னொரு காரியமும் நடந்தது. மே மாதம் கோர்சிக்கா ராலியில் ஹென்றி ரொய்வோனனும் துணை ஓட்டி சேர்ஜியோ கிரெஸ்ரோவும் தங்கள் லன்சியா காரோடு எரிந்து செத்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னர் போர்த்துக்கல் ராலியில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் இறந்திருந்தார்கள். வருட முடிவோடு 'குறூப் பி' வகுப்பு முழுதாக நிறுத்தப்பட்டது, ரேர்போ 16 இன் ராலி வாழ்க்கையும் அதோடு சரி. (பிறகு பாலைவனத்துக்குப் போய் 1987, 1988 டக்கார் ஓட்டங்களை வென்றது, அது வேறு கதை.) உலகத்தின் ஆகத் திறமான ஓட்டிகளுக்கே இந்த வேகம் ஆபத்து என்று தீர்மானித்த அதே வருடம், ஷோரூமில் 1.6 போதாது, 1.9 எடுங்கோ எண்டு விற்பனை நடக்குது. 130 குதிரைவலுவை ராலிக் காரின் 400, 500 ஓடு ஒப்பிட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் விற்கப்பட்ட கனவு ஒன்றுதான்.

அடுத்த விடையை எழுதியவர்கள் ஓட்டிகளும் இல்லை, கார்ச் சஞ்சிகைகளும் இல்லை. காப்புறுதிக் கொம்பனிகள்.

பிரித்தானியாவில் 80களின் கடைசியில் ஹொட் ஹட்ச்கள்தான் திருடர்களுக்குப் பிடித்த கார். உடைத்து விற்க மட்டுமில்லை, ஓடிப் பார்க்கவும்தான். 1991 கோடையில் ஒக்ஸ்ஃபோர்ட் நகரின் விளிம்பில் உள்ள பிளாக்பேர்ட் லீஸ் குடியிருப்பில், இளைஞர்கள் திருடின கார்களைக் கொண்டுவந்து சனம் சுற்றிநின்று பார்க்கச் சுழற்றிச் சுழற்றி வித்தை காட்டினார்கள். பொலிஸ் இறங்கியதும் கலவரம். இதில் என்னை நிறுத்தின விசயம் இடம்தான். அந்தக் குடியிருப்பில் கனவீடுகள் பக்கத்தில் இருந்த கௌலி கார்த் தொழிற்சாலைத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கிடைத்தவை. அப்பன்மார் கார் செய்த இடத்தில், வேலையில்லாத மகன்மாருக்குக் கார் திருடினால்தான் கிடைக்கும் பொருளாகிவிட்டது. அதே செப்ரெம்பரில் வடக்கு ஷீல்ட்ஸில் பொலிஸ் துரத்தின திருட்டுக் காரில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள், அங்கேயும் நெருப்பு. பீற்றிக்ஸ் காம்பெல் 1993 இல் எழுதிய 'கோலியாத்' இந்தக் குடியிருப்புகளை ஆண்மை பற்றிய கேள்வியாக வாசிக்கிறது. வேலை போன இடத்தில் பெடியள் காரையும் தெருவையும் பிடித்துக்கொள்ள, குடியிருப்பின் அன்றாட வாழ்க்கையைத் தாங்கி நின்றது பெண்கள் என்பது அவருடைய வாதம். கார் பற்றிய எழுத்துகளில் இந்தப் பெண்கள் எங்கேயும் வருவதில்லை.

அரசு 1992 இல் வாகனத் திருட்டுக்குக் கடுமையான தண்டனைச் சட்டம் கொண்டுவந்தது. காப்புறுதிக் கட்டணம் தாறுமாறாக ஏறியது. இருபது வயதுக்காரர் ஒருவருக்கு 1.9 க்கு வருடக் காப்புறுதி கட்டுவது கிட்டத்தட்டப் பகல்கனவு, 1.6 எண்டால் கொஞ்சம் மலிவு. அதனால் அப்போதைய விடை '1.6 ஐ எடு'. கொஞ்ச நாளில் அதுவும் கட்டுப்படியாகாமல் போனது. 1992 இல் 1.6 இன் உற்பத்தி நின்றது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்ட 1.9 இன் வலு 122 க்கு இறங்கி, அதுவும் சில வருடத்தில் முடிந்தது.

என்னுடைய தெரிவைக் கேட்டால் 1.6 தான், 1986 க்குப் பிறகு வந்த 115 குதிரைவலுக் கார். 850 கிலோக் காருக்கு அது தாராளம். சாதாரண வீதியில், சட்டத்துக்குக் கிட்டவான வேகத்தில், முழு எஞ்சினையும் பாவிக்கக்கூடிய கார் அது. 1.9 இன் மிச்ச வலுவைப் பாவிக்க வேண்டுமென்றால் வேறொருவரின் வீதியையும் சேர்த்து ஆபத்தில் போட வேணும். இது ஓட்டிப் பார்த்துச் சொல்கிற தீர்ப்பில்லை, வாசித்துச் சொல்கிறது. அந்த வகையில் எடுத்துக்கொள்ளுங்கோ.

சந்தை என்னோடு உடன்படாது. இரண்டும் இப்போது சேகரிப்பாளர் பொருள், பொதுவாக 1.9 க்குத்தான் விலை கூட. இரண்டு எஞ்சினும் ஒரே குடும்பம் என்பதால், இடைப்பட்ட வருசங்களில் எத்தனையோ 1.6 கார்களுக்குள் 1.9 எஞ்சினை இறக்கிவிட்டார்கள், சிலர் 405 இன் 16 வால்வ் எஞ்சினையும் வைத்தார்கள். 80களின் பெடியளுக்கு அது காசில்லாமல் 1.9 ஓடுகிற வழி. இன்று வாங்க வருகிறவர் எஞ்சினில் அடித்த இலக்கத்தைப் பார்த்து, 'ஒரிஜினல் இல்லை' எண்டு விலையைக் குறைக்கிறார். அப்படிக் குறைக்கிறவர்களில் கனபேருக்கு இப்ப ஐம்பது வயது தாண்டியிருக்கும். 1991 இல் காப்புறுதி கட்ட ஏலாமல் விட்ட அதே தலைமுறை.