முகவரி இழந்த பால்: செடார் சீஸ் பிழைத்த கதை

இன்னைக்குக் கதை ஒரு திருட்டுல ஆரம்பிக்குது.

2024 அக்டோபர்ல வெளியான செய்தி இது. லண்டன்ல நீல்ஸ் யார்ட் டெய்ரின்னு ஒரு சீஸ் வியாபார நிறுவனம். பிரான்ஸ்ல உள்ள பெரிய கடைத்தொடருக்காக மொத்தமா வாங்குறோம்னு சொல்லி அவங்களுக்கு ஒரு ஆர்டர் வந்தது. நம்பி அனுப்பினாங்க. 22 டன் செடார் சீஸ், 950-க்கும் மேற்பட்ட உருளைகள், மதிப்பு சுமார் 3 லட்சம் பவுண்டு. அப்புறம்தான் தெரிஞ்சது, வாங்கினவங்க போலி ஆளுங்க.

ஆனா அந்த நிறுவனம் ஒரு காரியம் பண்ணுச்சு. சீஸ் செஞ்ச மூணு சின்னத் தயாரிப்பாளர்களுக்கும் முழுப் பணத்தையும் கொடுத்துட்டு, நஷ்டத்தைத் தானே ஏத்துக்கிட்டது. ஏன்? அது புரியணும்னா 150 வருஷம் பின்னாடி போகணும்.

செடார் என்பது இங்கிலாந்தின் தென்மேற்கே, சோமர்செட் பகுதியில் உள்ள ஒரு ஊர். அந்த வட்டாரப் பண்ணைகளில் மாடுகள் வெளியே புல் மேயும். கறந்த பால், அதே பண்ணையில் சீஸ் ஆகும். செய்யறவங்க பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள். நாம தயிருக்கு உறை ஊத்துற மாதிரி பால்ல உறை ஊத்தி, ரென்னெட் சேர்த்துத் திரள வைப்பாங்க. தெளிநீரை வடிச்சு, திரளைக் கட்டிகளா வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கித் திருப்பித் திருப்பிப் போடுவாங்க. அப்புறம் பொடிச்சு, உப்புப் போட்டு, அச்சுல அழுத்தி, துணி சுத்தி, ஒரு வருஷம் போல வைப்பாங்க. ஒரு கிலோ சீஸுக்குச் சுமார் 10 லிட்டர் பால் வேணும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புல் மேயற மாட்டோட பால் தினமும் ஒரே மாதிரி இருக்காது. வசந்தகாலத்துப் புல்லுக்கு ஒரு பால், மழை விட்ட வாரத்துக்கு வேறொரு பால். செய்யறவங்க அன்னன்னைக்குப் பாலைப் பார்த்து நேரத்தையும் சூட்டையும் மாத்தணும். கை தவறினா முழுத் தொட்டியும் வீண்.

19-ஆம் நூற்றாண்டில் ஜோசப் ஹார்டிங் என்ற சோமர்செட் விவசாயி இதை ஒழுங்குபடுத்த முயன்றார். சுத்தம், வெப்பமானி, சரியான நேரம்: இவை இருந்தால் நல்ல சீஸ் அதிர்ஷ்டத்தை நம்பி இருக்க வேண்டாம் என்பது அவர் வாதம். தன் முறையை ஒளிச்சு வைக்காமல் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார். ஆனா எழுதி வைக்கக்கூடிய முறையை ஆலையிலும் செய்யலாம் இல்லையா? 1851-லேயே அமெரிக்காவில் ஜெஸ்ஸி வில்லியம்ஸ், பக்கத்துப் பண்ணைகளின் பாலையும் சேர்த்துச் சீஸ் ஆலை தொடங்கியிருந்தார். அமெரிக்க ஆலைச் சீஸ் கப்பல் கப்பலா பிரிட்டனுக்கு வந்து இறங்கியது. 1870-ல் இங்கிலாந்திலும் அப்படி ஆலை வந்தது.

அப்பவும் பண்ணைச் சீஸ் சாகலை. அதை நெருக்கினது ஒரு நல்ல திட்டம். 1933-ல் பால் விற்பனை வாரியம் வந்தது. அதுவரை பால் கம்பெனிகள் சொன்னதுதான் விலை. வாரியம் எல்லாப் பாலையும் வாங்கி, மாசாமாசம் காசோலை கொடுத்தது. விவசாயிக்கு இது உண்மையிலேயே பெரிய நிம்மதி. ஆனா கேனைச் சாலையோரம் வச்சா பணம் வரும்போது, விடியக்காலையில எழுந்து சீஸ் செஞ்சு, ஒரு வருஷம் காத்திருக்க யார் தயார்? பால் லாரி ஏறியதும் எந்தப் பண்ணை, எந்த மாடு என்ற முகவரி போயிடுச்சு.

அப்புறம் போர். 1941-ல் சீஸும் ரேஷனுக்கு வந்தது. ஆரம்பத்துல ஒரு ஆளுக்கு வாரத்துக்கு ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம். கெடாமல் இருக்கும் கெட்டிச் சீஸுக்கு அரசு முன்னுரிமை கொடுத்ததால், ஒரே மாதிரியான 'அரசாங்க செடார்' நாடெங்கும் போனது. இந்த ரேஷன் முடிந்தது 1954-ல். 13 வருஷம்! ஒரு தலைமுறைக்குச் சீஸ்னா அதுதான்னு ஆயிடுச்சு. கையில பழக்கம் இருந்தவங்களுக்கும் வயசாயிடுச்சு. பிறகு பிளாஸ்டிக்கில் சுற்றிய சதுரக் கட்டிகள் கடையை நிரப்பின.

இருந்தாலும் சில குடும்பங்கள் விடலை. மான்ட்கோமரி குடும்பம் 1911 முதல் வடக்கு கேட்பரியில் பண்ணை நடத்துகிறது. சொந்த மாடு, காய்ச்சாத பால், துணி சுற்றிய உருளை. கீன் குடும்பமும் அப்படித்தான். 1979-ல் தொடங்கிய நீல்ஸ் யார்ட் டெய்ரியின் ராண்டால்ஃப் ஹாட்ஜ்சன், 80-களில் இப்படிப்பட்ட பண்ணைகளைத் தேடி நேரில் போனார். ருசி பார்த்து வாங்கி, செஞ்சவங்க பேரைச் சொல்லியே வித்தார். அதாவது, பாலுக்கு முகவரி திரும்பக் கிடைச்சது.

1989-ல் இன்னொரு ஆபத்து. லிஸ்டீரியா கிருமி பயத்தில், காய்ச்சாத பாலில் செய்த சீஸையே தடை செய்யலாமா என்று பேச்சு எழுந்தது. பயம் வெறும் கற்பனை இல்லை, கிருமி நிஜம். சின்னத் தயாரிப்பாளர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். சுத்தத்தையும் பரிசோதனையையும் கடுமையாக்கலாம், தடை வேண்டாம் என்று வாதாடினார்கள். தடை வரவில்லை.

இப்போ அந்த 22 டன்னுக்கு வருவோம். ஆலையில் சரக்கு போனா அடுத்த வாரம் வேற செய்யலாம். இங்கே போனது முந்தைய வருஷங்களில் மாடு மேய்ந்த புல்லும், தினமும் விடியலில் எழுந்த உழைப்பும். காத்திருந்த காசு கைக்கு வராமல் போனா, ஒரு குடும்பம் நாளைக்கே பாலை லாரியில ஏத்திடலாம், யாரும் தப்புச் சொல்ல முடியாது. அப்படி நிறுத்தினவங்கதான் அதிகம், திரும்ப ஆரம்பிச்சவங்க ரொம்பக் குறைவு. அதனாலதான் அந்தக் கடை முதல்ல பண்ணைகளுக்குப் பணம் கொடுத்தது.

அடுத்த தடவை கடையில் செடார் எடுத்தா, லேபிளைத் திருப்பிப் பாருங்க. பண்ணையோட பேர் இருக்கா, வெறும் பிராண்டு பேர் மட்டுமானு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.